பதினேழாம் நம்பர் வீட்டு பினாயில்

செவ்வாய்க்கிழமை காலை டிரம் ஏறவில்லை. ஜெயவேலு அதை முதலில் என்னிடம்தான் சொன்னார். அந்த நேரத்தில் தெருவில் வேறு யாரும் இல்லை.

"ராத்திரி சமையல் முடிச்சப்ப நாலாம் கோடு சார். விடிஞ்சா ஏழுல நிக்கணும். இப்பவும் அதே நாலுல கீது."

"லீக்கா?"

"லீக்குன்னா எறங்கும். இது எறங்கல, ஏறவும் இல்ல. உள்ள வேல நடக்கல."

நான் கேட்டருகே நின்றிருந்தேன். என் மனைவி மிருதுளா இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. காலையில் எழுந்தால் கேட்வரை நடந்து வருவேன். பிறகு நிற்பேன். ஜெயவேலு தினமும் ஆறரைக்கு அந்த வழியாகப் பூங்கா மூலைக்குப் போவார். கையில் நீளமான மூங்கில் கழி. அன்றைக்கு அவர் கழியைத் தோளில் போடாமல் தரையில் இழுத்துக்கொண்டு வந்தார்.

எங்கள் வேதசிரோமணி நகர் முடிச்சூர் சாலையிலிருந்து ஏரிப் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. முப்பத்திரண்டு வீடுகள். பாதாளச் சாக்கடை இன்னும் வரவில்லை. ஆறு வருடத்துக்கு முன் சங்கத்தில் பேசி, பூங்கா மூலையில் பள்ளம் தோண்டித் தொட்டி கட்டினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு குழாய்கள். குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் ஒரு குழாயில் நேராகக் கல்வாழைப் பாத்திக்குப் போகும். கக்கூஸ் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் இன்னொரு குழாயில் தொட்டிக்குப் போகும். தொட்டிக்குள் காற்று நுழையாது. அந்த இருட்டில் இருக்கிற கிருமிகள் வருவதைத் தின்று காஸாக்கும். மேலே ஒரு இரும்பு டிரம் கவிழ்ந்து மிதக்கிறது. காஸ் சேரச் சேர அது உயரும். ஜெயவேலு அதன் மேல் வெள்ளைப் பெயின்ட்டில் பத்து கோடுகள் போட்டு வைத்திருந்தார். தெளிந்து வெளியே வரும் தண்ணீரும் கடைசியில் கல்வாழைக்குத்தான் போகும். செடிகள் ஆள் உயரம் வளர்ந்து சிவப்பாகப் பூக்கும்.

டிரம்மிலிருந்து ஒரே ஒரு குழாய் ஒரே ஒரு வீட்டுக்குப் போனது. அது ஜெயவேலு வீடு. தொட்டியை ஒட்டி ஒரு அறையும் சமையலறையும், மேலே ஆஸ்பெஸ்டாஸ். தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவரை வீடும் காஸும் அவருக்கு. அதுதான் ஏற்பாடு. அந்த நகர் முழுக்க ஒரு காலத்தில் அவர் அப்பாவின் நெல் வயல். இதை அவர் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். கல்வாழையை வெட்டிக்கொண்டே, வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னார்.

புதன்கிழமை காலை அடுப்பு நின்றுவிட்டது. சத்தம் கேட்டுப் போனேன். ஜெயவேலுவின் மனைவி தையல்நாயகி இட்லிப் பானை முன்னால் உட்கார்ந்திருந்தாள். தீ மஞ்சளாக ஒரு முறை எழுந்தது. பிறகு ஒரு பெருமூச்சு போல அணைந்தது.

"பாதி வேகல. மாவாவே நிக்குது" என்றாள்.

மகள் கீதா தலை வாரிக்கொண்டு வாசலில் நின்றாள். தாம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. "எனக்கு வேணாம்மா. ஸ்டேஷன்ல எதுனா துன்னுக்கறேன்."

"ஸ்டேஷன்ல இன்னா கீது, வடையும் ஈயும். இரு, பழையது போடறேன்."

"லேட்டாவுது."

அவள் போய்விட்டாள். ஜெயவேலு தொட்டியின் நுழைவாய் மூடியைத் தூக்கினார். என்னைக் கூப்பிட்டார்.

"மோந்து பாருங்க சார்."

நான் குனிந்தேன். புளித்துப் பொங்கி வீணாய்ப்போன மாவு மாதிரி, அதோடு அழுகிய முட்டை மாதிரி.

"நல்லா இருக்கும்போது தார் மாதிரி ஒரு வாசன வரும். நாத்தம்னு சொல்ல முடியாது. இது புளிச்சுப் போச்சு. யாரோ எதுவோ ஊத்தி இருக்காங்க. உள்ள இருக்கறதுங்க செத்துப் போச்சு."

பிளாஸ்டிக் டப்பாவிலிருந்து புளிப்பைக் காட்டும் ஒரு பேப்பர் துண்டை எடுத்துத் தண்ணீரில் நனைத்தார். அது ஆரஞ்சாக மாறியது. பச்சையாக இருக்க வேண்டுமாம். அவர் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மாசில பரிசம். இந்த வூட்டுக்குத்தான் வராங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. தையல்நாயகி தலை நிமிரவில்லை.

மூன்று நாள் முன்பு, ஞாயிறு காலை, குன்றத்தூரிலிருந்து கீதாவைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். பையன் மின்சார ரயிலில் வேலை பார்க்கிறான். பொண்ணு பிடித்துவிட்டது. பொங்கல் கழிந்து நல்ல நாள் பார்த்து வந்தவர்கள், அடுத்ததாகப் பரிசம் போட மாசியில் ஒரு தேதியும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

புதன்கிழமை மதியத்திற்குள் ஜெயவேலு வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு சேம்பர் உண்டு. மூடியைக் கம்பியால் நெம்பி, குனிந்து மோந்து, மூடி வைத்தார். ஆறு வருடமாகச் சொல்லி வருகிற சட்டம் ஒன்றே: கக்கூஸில் ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் ஊற்றக் கூடாது. போகி வாரத்தில் யாரும் கேட்பதில்லை.

"நாங்க ஊத்தலப்பா. வேலைக்காரிதான் கழுவுனா."

"வேலைக்காரி இன்னா ஊத்துனா?"

"அத அவளத்தான் கேக்கணும்."

"அவ எங்க?"

"ஊருக்குப் போயிருக்கா."

ஒன்பதாம் நம்பரில் ஒரு அம்மாள், "வூட்டு வாசல்ல வந்து மூக்க வெச்சுகினு மோப்பம் புடிக்கிறியே, நாயா நீ?" என்று கேட்டாள். ஜெயவேலு சிரித்தார். "நாயா இருந்தா இந்நேரம் புடிச்சிருப்பேம்மா" என்றார்.

என் வீடு பதினேழு. சனிக்கிழமை மிருதுளாவுக்குப் பதினாறாம் நாள் காரியம். சடங்கு முடிந்ததும் அவளுடைய அம்மா வீட்டார் வீடு முழுவதும் கழுவிவிட்டார்கள். நான் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன். வாளிச் சத்தம் கேட்டது. என்ன ஊற்றினார்கள் என்று பார்க்கவில்லை. அவர்கள் ஞாயிறு காலையே சேலம் பஸ் ஏறிவிட்டார்கள்.

ஜெயவேலு என் சேம்பர் மூடியைத் தூக்கினார். பினாயில் வாசனை நான் நின்ற இடம்வரை வந்தது. அவர் என்னைப் பார்த்தார். மூடியைத் திரும்ப வைக்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"காரியத்தன்னிக்கா சார்?"

"இருக்கும்."

"எவ்ளோ?"

"தெரியல."

"சரி" என்றார். கழியை எடுத்துக்கொண்டு போனார். அவர் திட்டியிருக்கலாம். சாவு விழுந்த வீட்டில் திட்ட அவருக்கு வாய் வரவில்லை என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை சங்கத் தலைவர் ஸ்ரீநிவாசன் மூக்கில் கைக்குட்டையோடு வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். சட்டம், தேதி, கையெழுத்து மூன்றிலும் நம்பிக்கை உள்ளவர்.

"ஜெயவேலு, ஸ்மெல் எங்க பால்கனி வரைக்கும் வருது. என் வைஃப் ஜன்னலே திறக்கறதில்ல."

"உள்ள வர்ற லைன பழைய செப்டிக் டேங்குக்குத் திருப்பிட்டேன் சார். லாரி வரச் சொல்லணும். இதுக்குப் பத்து நாள் பட்டினி போடணும். அதுக்குள்ள சாணி கரைச்சு ஊத்தி, சுண்ணாம்பு போட்டு, திரும்ப உயிர் வர வைக்கணும்."

"பத்து நாள்ல வருமா?"

"வரணும் சார்."

"வரணும்ங்கறது வேற, வரும்ங்கறது வேற. அடுத்த ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயிறு ஜெனரல் பாடி. அன்னிக்குள்ள சரியாகலைன்னா மெம்பர்ஸ் கரன்ட்ல ஓடுற பிளான்ட்டுக்குப் போயிடுவாங்க. ப்ளோயர் போட்டு காத்தடிச்சு சுத்தம் பண்றது. கேஸ் வராது, ஆனா தொந்தரவும் கிடையாது. கம்பெனியே ஆள் போடும்."

"ஆளுன்னா?"

ஸ்ரீநிவாசன் அந்த வீட்டைப் பார்த்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் தையல்நாயகி போட்ட கோலம்.

"அவங்க ஆளுக்கு இந்த குவார்ட்டர்ஸ் வேணும்பாங்க. நான் பர்சனலா சொல்லல. புரொசீஜர் அப்படி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "காரணம் என்னன்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுட்ச்சு சார். அப்புறம் சொல்றேன்" என்றார் ஜெயவேலு. நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

அடுப்பு இல்லாத வீட்டில் சாப்பாடு பெரிய பிரச்சினை. ஆறு வருடமாகச் சிலிண்டர் வாங்காதவர்கள். கனெக்‌ஷனையே திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார்கள். தையல்நாயகி முதல் நாள் மூன்று செங்கல் வைத்துக் குச்சி எரித்தாள். புகை பத்தாம் நம்பர் வீட்டுக்குள் போய் அங்கே ஒரு சண்டை. என் வீட்டில் அடுப்பு சும்மா கிடந்தது. சாவியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நீங்க துன்னுவீங்களா தம்பி, ஆக்குனா?" என்று கேட்டாள். அதுதான் அவள் நிபந்தனை.

"சாப்பிடுவேன்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு வந்தாள். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மிருதுளா காகிதம் ஒட்டி எழுதியிருந்தாள். கடலைப்பருப்பு. கடுகு. வெந்தயம். 'சர்க்கரை - எறும்பு ஜாக்கிரதை.'

"இத்த எடுக்கலாமா?"

"எடுங்க."

"அந்தப் பொண்ணு எழுத்து அழகா கீது."

அவள் வெந்தய டப்பாவை எடுத்து, தேவையானதைக் கையில் கொட்டி, எழுத்து முன்பக்கம் தெரிகிற மாதிரியே திரும்ப வைத்தாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்டுக் காரக்குழம்பு. முளைக்கீரை மசியல். ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "நெத்திலிக் கருவாடு வறுக்கட்டுமா இந்த வூட்ல?" வறுக்கச் சொன்னேன். என் தட்டில் போட்டதைத் தின்றேன். உப்பு தெரிந்தது. பல நாட்களுக்குப் பிறகு ஏதோ தெரிந்தது.

சாணி பெரிய வேலை. எங்கள் பக்கம் இப்போது மாடு வைத்திருப்பவர்கள் குறைவு. சிட்டிபாபு என்ற ஆள் இரும்புலியூர் மேம்பாலத்துக்கு அடியில் ஒன்பது மாடு கட்டியிருந்தான். ஜெயவேலு என்னையும் வரச் சொன்னார். எனக்கு விடுப்பு இன்னும் இருந்தது. வீட்டில் இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு குட்டி யானை வண்டியில் ஆறு பழைய பெயின்ட் டிரம்களை ஏற்றிக்கொண்டு போனோம்.

சிட்டிபாபு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணா, முப்பத்திரண்டு வூட்டு ஜனம் பேல்றது பத்தலயா ஒனக்கு? என் மாட்டையும் கேக்கற?"

"டேய், வெளயாடாதடா. உள்ள இருந்த பூச்சிங்க செத்துப் போச்சு."

"பூச்சி செத்தா நல்லதுதானண்ணா?"

"இது நல்ல பூச்சிடா. மாட்டு வயித்துக்குள்ள கீறது அதே பூச்சிதான். அத்த கொண்டுபோய் உள்ள விட்டா திரும்பப் பொறக்கும்."

"அப்ப என் மாடுங்கதான் ஒன் தொட்டிக்கு மாமியா வூடுன்னு சொல்லு." அவன் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தான். "சாரு யாரு, ஆபீசரா?"

"எங்க நகர்ல கீறாரு."

"பேன்ட்ட மடிச்சு வுடு சார். சாணிக்கு ஆபீசர்னு தெரியாது."

ஆறியது ஆகாது, அன்றன்றைக்குப் போட்டது வேண்டும் என்பது ஜெயவேலு கணக்கு. ஐந்து நாள் போனோம். சாணியைக் கையால் அள்ளி டிரம்மில் போடுவோம். மேலே பாலத்தில் ஜி.எஸ்.டி. சாலை வண்டிகள் அதிர்ந்துகொண்டே போகும். மாடுகள் திரும்பிப் பார்க்காது. நகருக்குத் திரும்பியதும் அதே அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, வைக்கோல் துணுக்கையும் கல்லையும் பொறுக்கி எடுத்து, பாண்டுச் சட்டியில் மொண்டு நுழைவாயில் ஊற்றுவோம். ஒரு நாளைக்கு நாற்பது பாண்டு. முதல் நாள் என் தோள் வீங்கியது. மறுநாள் பழகிவிட்டது. தை வெயிலாக இருந்தாலும் பதினோரு மணிக்கு முதுகைச் சுட்டது. பிறகு சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, அந்தத் தெளிவை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். அவசரப்பட்டு அதிகம் விட்டால் அதுவும் கொன்றுவிடுமாம்.

வேலை செய்கிறபோது அவர் என்னிடம் பேசுவது குறைந்திருந்தது. "அத்த இப்படி சாய்ங்க", "போதும்", "மூடிய போடுங்க." அவ்வளவுதான். பதினேழாம் நம்பர் என்று நகருக்கே தெரிந்துவிட்டது. அவர் ஸ்ரீநிவாசனிடம் சொல்லி, ஸ்ரீநிவாசன் மனைவி மற்றவர்களிடம் சொல்லியிருந்தாள். யாரும் என்னைக் கேட்கவில்லை. பால் வாங்கப் போனால் பேச்சு நின்றது. இரக்கத்தில் நின்றதா கோபத்தில் நின்றதா என்று நான் யோசிக்கவில்லை. நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்தப் பினாயில்தான். அதனால்தான் பாண்டு சுமந்தேன்.

பேப்பர் துண்டு ஆரஞ்சிலிருந்து மஞ்சளானது. பச்சையாகவில்லை. டிரம் நகரவில்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள், சனிக்கிழமை. தையல்நாயகி என் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

"தம்பி, செத்த நில்லுங்க."

நின்றேன்.

"உங்க வூட்டு பினாயிலு இல்ல."

அவள் வெங்காயத்தைக் கீழே வைக்கவில்லை. உரித்துக்கொண்டே பேசினாள்.

"ஒரு பாட்டிலு பினாயிலுக்கு அந்தத் தொட்டி சாவாது. ஆறு வருசமா பாக்கறேன், எனுக்குத் தெரியாதா? ஒவ்வொரு போகிக்கும் ஆளாளுக்கு ஊத்தத்தான் செய்றாங்க. ரெண்டு நாள் சொணங்கும், எழுந்துக்கும். நாந்தான் ஊத்துனேன்."

"என்ன ஊத்துனீங்க?"

"பிளீச்சிங் பவுடரு. மழைக்குக் காவாயில போட சங்கத்துல குடுத்து வெச்சிருந்தாங்க இல்ல, ஒரு மூட்ட. பிரிக்காத மூட்ட. முழுசா கரைச்சு ஊத்திட்டேன்."

"எப்போ?"

"உங்க வூட்டு காரியத்தன்னிக்கு சாயங்காலம். இவரு பூ வாங்க தாம்பரம் மார்க்கெட் போயிருந்தாரு. விடிஞ்சா மாப்ள வூட்டுக்காரங்க வராங்க. வாசல்ல நின்னு பாத்தேன். காத்து தொட்டி பக்கத்துல இருந்து வூட்டுக்குள்ள வீசுது. எங்களுக்கு அது ஒண்ணியும் தெரியாது, பழகிட்ச்சு. வர்றவங்களுக்குத் தெரியுமே. அவங்கம்மா ஒரு தபா மூக்க சுளிச்சா போதும், என் பொண்ணு வாழ்க்க அங்கியே முடிஞ்சுது. பீத்தொட்டி வூட்டுப் பொண்ணுன்னு பேரு வெச்சுடுவாங்க. ஒரு வேளைக்கு வாசன அடங்குனா போதும்னு நெனச்சேன். அடங்குச்சு. அந்தம்மா ரெண்டு கேசரி கேட்டு வாங்கித் துன்னாங்க."

வெங்காயம் உரித்து முடித்துவிட்டாள். தோலைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே போடுவது என்று பார்த்தாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நேரா போய் ஸ்ரீநிவாசன் சார் வூட்டு பெல்ல அடிச்சு சொல்லிட்டு வந்துடுவாரு. அந்த மனுசனுக்குப் பொய் சொல்ல வராது. மூட்டய கேட்டாரு. நமத்துப் போச்சு, குப்ப வண்டில போட்டுட்டேன்னு சொன்னேன். நம்பிட்டாரு." மூக்கை முந்தானையில் துடைத்தாள். வெங்காயத்துக்கா என்று தெரியவில்லை. "நாளைக்கு நானே எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன் தம்பி. பொண்டாட்டிய பறிகொடுத்தவர் மேல பழி போட்டுட்டு, அவரு வூட்லயே ஆக்கித் துன்னுகினு, எனுக்கு சோறு எறங்கல."

"சொன்னா வீடு போயிடும்."

"போவும்."

"பரிசம்?"

அவள் வெங்காயத் தோலைக் கைக்குள் இறுக்கி மூடினாள்.

"சொல்லாதீங்க" என்றேன்.

"அப்ப உங்க பேரு?"

"என் பேருக்கு ஒண்ணும் ஆகாது."

நான் தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் பூங்காவில் கூட்டம். வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். நாற்பது பேர் இருப்பார்கள். பின்னாலேயே டிரம், அதன் பின்னால் ஜெயவேலு வீடு. பேப்பர் துண்டு அன்று காலை வெளிர் பச்சையாகியிருந்தது. டிரம் அரைக் கோடு ஏறியிருந்தது. ஜெயவேலு சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

"கேஸ் வந்துட்ச்சு சார். ஏறிகினு கீது."

"எரியுதா?" என்று கேட்டார் ஸ்ரீநிவாசன்.

அடுப்பை வாசலுக்கு எடுத்து வந்தார்கள். நீளமான ரப்பர் குழாய். ஜெயவேலு திருகைத் திறந்து தீக்குச்சி காட்டினார். உஸ் என்று காற்று வந்து தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. மூன்றாவது குச்சியும் அணைந்தது.

"மொதல்ல வர்ற கேஸ் எரியாது சார். அது வேற கேஸ். அத்த வுட்டுடணும். அடுத்து வர்றதுதான் எரியும். இன்னும் ஒரு வாரம்."

"போன வாரமும் ஒரு வாரம்னீங்க" என்றது ஒரு குரல். "கம்பெனிக்காரங்கள வரச் சொல்லுங்க சார். முடிச்சுடலாம்" என்றது இன்னொன்று. ஒன்பதாம் நம்பர் அம்மாள், "ஜன்னல தொறந்து பதினஞ்சு நாளாவுது" என்றாள்.

ஸ்ரீநிவாசன் கையைத் தூக்கினார். "ஒரு விஷயம் கிளியர் பண்ணிக்கலாம். பிளான்ட்ல டிஃபெக்ட்டா, மெயின்டெனன்ஸ்ல தப்பா, இல்ல ஒரு தடவை நடந்த ஆக்சிடென்ட்டா? ஆபரேட்டர் சைடுல தப்புன்னா தொடர்ந்து இதை நடத்தறதுல அர்த்தமே இல்ல. ஒரு தடவை நடந்ததுன்னா டைம் கொடுக்கலாம்." என் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. "அனிருத், தப்பா எடுத்துக்காதீங்க. கேக்கவே கஷ்டமா இருக்கு. உங்க வீட்ல அன்னிக்கு..."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெயவேலு மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்" என்று தையல்நாயகி முன்னால் வந்தாள்.

ஸ்ரீநிவாசன் திரும்பினார். "சொல்லும்மா."

அவள் வாய் திறந்திருந்தது. பின்னால் கீதா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் காபி போடட்டுமா?" என்றாள்.

"எதுலடி போடுவ?" என்றார் ஜெயவேலு. பிறகு எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஒன்பதாம் நம்பர் அம்மாள்கூடச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்குமுன் நான் சொன்னேன். "எங்க வீட்லதான். காரியம் முடிஞ்சு வீடு கழுவினாங்க. நிறைய ஊத்திட்டாங்க. ஆசிட், பினாயில், பிளீச்சிங் பவுடர் எல்லாம். எனக்குத் தெரியும். நான் தடுக்கல."

"பாவம், அந்த நேரத்துல யாருக்கு என்ன தோணும்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள்.

"இனிமே நடக்காது" என்றேன்.

இனிமேல் நடக்காது என்பதை யாராலும் மறுக்க முடியவில்லை. மூன்று வாரம் கொடுப்பதாகத் தீர்மானம் ஆனது. ஸ்ரீநிவாசன் நோட்டில் எழுதி, படித்துக் காட்டினார். 'எண் 17, திருமதி மிருதுளா அவர்களின் ஈமச்சடங்கை முன்னிட்டு வீட்டைச் சுத்தம் செய்தபோது ரசாயனப் பொருட்கள் கலந்த காரணத்தால்.' சங்கத்தின் நோட்டில் அவள் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. சரியா என்று கேட்டார். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு ஜெயவேலு தினமும் காலை என் வீட்டுச் சேம்பரைத் திறந்து பார்த்தார். மற்ற வீடுகளில் வாரம் ஒரு முறை. என் வீட்டில் தினமும். மூடியை நெம்பும் சத்தத்தில்தான் எழுந்தேன். உள்ளே தையல்நாயகி குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருப்பாள். அந்தச் சத்தம் கேட்டதும் கரண்டியை நிறுத்திவிடுவாள். மூடி திரும்ப விழுந்த பிறகுதான் கிண்டுவாள்.

"இன்னிக்கு சொல்லிடறேன்" என்பாள்.

"வேண்டாம்."

இது பல காலை நடந்தது. வேறு எதையும் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அவளால் வராமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டில் அடுப்பு இல்லை.

கூட்டம் முடிந்து ஒன்பதாவது நாள் ஜெயவேலு கேட்டைத் தட்டினார். "வாங்க சார்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் பின்னால் போனேன்.

அடுப்பு எரிந்தது. நீலம். சுற்றிலும் பல் பல்லாக, சத்தமே இல்லாமல். தையல்நாயகி பால் வைத்திருந்தாள். கீதா வேலைக்குப் போகாமல் நின்றிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் ஜெயவேலு. அவர் கண் கலங்கியிருந்தது. என் தோளில் கை போட்டார். அந்தக் கையில் சுண்ணாம்பு பட்டு வெடித்துத் தோல் உரிந்திருந்தது. "உங்க மேல எனுக்குக் கோவம் இருந்துச்சு சார். மறைக்க மாட்டேன். இன்னிக்கு வரைக்கும் இருந்துச்சு. ஆனா நீங்களும் என்கூட வந்து சாணி அள்ளுனீங்க. அத்த நான் மறக்க மாட்டேன். போனது போவட்டும். நான் மன்னிச்சுட்டேன்."

"சரிங்க" என்றேன்.

"இனிமே ஊத்தாதீங்க."

"ஊத்த மாட்டேன்."

பால் கொதித்தது. தையல்நாயகி அடுப்பைக் குறைத்தாள். திரும்பாமலே நின்றாள்.

"மாசி பன்னெண்டு பரிசம்" என்றார் ஜெயவேலு. "உங்களுக்கு வருசம் திரும்பல, நல்ல காரியத்துக்குக் கூப்புடக் கூடாது. தெரியும். சாப்பாடு வூட்டுக்கு அனுப்பி வெக்கறேன்."

"அவரு வரணும்" என்றாள் தையல்நாயகி.

"இன்னாடி பேசற? துக்க வூடு. மாப்ள வூட்டுக்காரங்க இன்னா நெனப்பாங்க?"

"இன்னா வேணா நெனச்சுக்கட்டும். தாம்பூலத் தட்ட வாங்கும்போது அவரு நம்ம பக்கம் உக்காரணும். இல்லனா நான் அந்தத் தட்டத் தொடமாட்டேன்."

ஜெயவேலு அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கீதா தரையைப் பார்த்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"பையித்தியமா ஒனக்கு? எதுக்குடி?"

அவள் டம்ளரில் பாலை ஊற்றினாள். இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள்.

"சொல்லுங்க தம்பி, வருவீங்க இல்ல?"

எதற்கு என்று அவர் இன்னொரு முறை கேட்டார். நான் டம்ளரை வாங்கிக்கொண்டேன். பால் சூடாக இருந்தது. பதில் சொல்லாமல் இருப்பதற்காகக் குடித்தேன்.